அடிக்கிற பொடியனைத் தூக்காதீங்க

 

செவ்வாய்க்கிழமை (2025 ஜூலை 8) நம்ம பல்லேகலையில் குசல் மெண்டிஸ் பங்களாதேஷுக்கு எதிராக 114 பந்துகளில் 124 அடித்தார். 99 ஓட்டங்களால் வெற்றி, தொடர் 2-1. அன்றிரவு எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கொண்டாட்டம். நல்லது. ஆனால் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் முன்பு "இவனைத் தூக்கினாத்தான் டீம் உருப்படும்" என்று எழுதியவர்கள்? பழைய மெசேஜைத் தேடிப் பாருங்கள். நானும் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

அடித்தாடும் இளைஞன் ஒருவன் இரண்டு மெட்ச்சில் சொதப்பினால் உடனே தூக்கு என்கிறோம். இது கிரிக்கெட் தெரிந்த பேச்சு அல்ல. ஷொட்டைத் திருத்துங்கள். பொடியனை வெட்டாதீர்கள்.

1996 ஐ நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அரையிறுதியில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? கல்கத்தாவில் முதல் ஓவரிலேயே களுவிதாரண 0, ஜயசூரிய 1. இரண்டு பேருமே அடிக்கப் போய்ப் பிடி கொடுத்தார்கள். லாகூர் இறுதிப் போட்டியில் ஜயசூரிய 9, களுவிதாரண 6. இரண்டு மெட்ச்சிலும் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது 16 ஓட்டங்கள்! இன்றைய முகநூல் தெரிவுக் குழு அன்று இருந்திருந்தால், அரையிறுதி முடிந்த இரவே இருவரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அர்ஜுன அனுப்பவில்லை. "கட்டை போடுங்கள்" என்று ஆட்டத்தை மாற்றவும் இல்லை. ஏனென்றால் அந்தத் தொடரில் டெல்லியில் இந்தியாவை ஓடவிட்டதும் அதே ஆட்டம்தான். கப் வந்தது. தொடரின் சிறந்த வீரர் விருதும் ஜயசூரியவுக்குத்தான் வந்தது.

அடுத்தது 2016 ஜூலை. அதே பல்லேகலை மைதானம், அதே குசல், வயது 21. முதல் இன்னிங்ஸில் நாங்கள் 117 க்குச் சுருண்டோம். அவுஸ்திரேலியா 86 ஓட்டங்கள் முன்னிலை. குசல் எடுத்தது 8. இரண்டாவது இன்னிங்ஸில் அந்தப் பொடியன் 254 பந்துகளில் 176. 106 ஓட்டங்களால் வெற்றி. அதற்கு முன் டெஸ்ட்டில் அவுஸ்திரேலியாவை நாம் வென்றது ஒரே ஒரு தடவை, 1999 இல், அதுவும் இதே கண்டியில். 17 வருடத்துக் காத்திருப்பை முடித்து வைத்தவன் "பொறுமை இல்லாதவன்" என்று பெயர் எடுத்த அதே ஆள்தான். 254 பந்து நின்றவனுக்கா பொறுமை இல்லை?

இங்கே சிலர் 2021 ஐ இழுப்பார்கள். டர்ஹமில் பாதுகாப்பு வளையத்தை மீறியதற்கு ஒரு வருடத் தடை விதித்தார்கள். அது சரியான தண்டனை. ஒழுக்கத்துக்குத் தண்டனை கொடுங்கள், நானும் கை தூக்குகிறேன். ஆனால் ஒழுக்கம் வேறு, ஆட்டம் வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். தடை முடிந்து வந்தவன் 2023 இல் காலியில் அயர்லாந்துக்கு 245 அடித்தான், அதில் 11 சிக்ஸர். அதே வருடம் உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானுக்கு 77 பந்துகளில் 122.

"வெளியில் வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்களே, அவர்களுக்கு அநியாயம் இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் உள்ளே வரும் பிள்ளைக்கும் இரண்டு மெட்ச்தானே கொடுப்பீர்கள்? அவனும் சொதப்பினால் அடுத்தவன். இப்படிச் சுற்றினால் எல்லோருக்கும் தொப்பி கிடைக்கும், ஒருவனும் வீரனாக மாட்டான். மார்வன் அத்தபத்துவைப் பாருங்கள். அவர் அடித்தாடுகிறவர் கூட இல்லை. முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ் 0, 0, 0, 1, 0, 0. 1990 இல் வந்தவர் முதல் சதம் அடித்தது 1997 இல். பிறகு ஆறு இரட்டைச் சதம். உள்ளே வெளியே என்று நாம் வீணாக்கிய வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

நான் கோச் இல்லை. பன்வில பக்கம் வாத்தியார் வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரிந்தது விடைத்தாள். ஒரு பிள்ளை நாலு பக்கம் எழுதி இருபது பிழை விடும். இன்னொரு பிள்ளை பிழை வந்துவிடுமோ என்று பயந்து வெற்றுத்தாளைத் தரும். சிவப்புப் பேனைக்கு வேலை இருப்பது முதல் தாளில்தான். வெற்றுத்தாளில் எதைத் திருத்துவது?

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? போன வருடம் எங்கள் டீமில் ஒரு பொடியன். தோட்டத்திலிருந்து நடந்து வருகிறவன். முதல் பந்திலிருந்தே தூக்கி அடிப்பான். இரண்டு மெட்ச், இரண்டு பூச்சியம். மூன்றாவது மெட்ச்சுக்கு லிஸ்ட்டில் அவன் பெயரை வெட்டியது நான்தான். "சேர், எந்தப் பந்த விடணும்னு சொல்லித் தந்தீங்கன்னா விட்டிருப்பேன்" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அதன் பிறகு அவன் கிரவுண்ட் பக்கம் வரவில்லை.

அடுத்த கிழமை இந்த வருட டீம் தெரிவு. முந்தாநாள் அவனைக் கூப்பிட்டேன். மாலையில் அரை மணித்தியாலம், ஒஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விடுவது மட்டும்தான் பாடம். மற்றப் பந்தெல்லாம் அவன் இஷ்டம். வருவானா தெரியாது. வந்தால் இந்தத் தவணை முழுக்க அவன் பெயர் லிஸ்ட்டில் இருக்கும். பூச்சியம் எடுத்தாலும் இருக்கும். பெற்றோர் யாராவது கேட்டால் நான் பதில் சொல்வேன்.

தெரிவுக் குழுவுக்கு நாம் சொல்வது போய்ச் சேருமா தெரியாது. ஆனால் இந்தப் பதிவை வாசிக்கும் ஆசிரியர்களே, கோச்மாரே, உங்கள் கையில் ஒரு லிஸ்ட் இருக்கிறது. பெயரை வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: அவனுக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்?

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஸ்கோர்கார்டோடு வாருங்கள், பேசுவோம்.