கபாலியைப் பார்த்தோம், சிவாவைப் பார்க்கவில்லை

2016-இல், சிறையிலிருந்து வெளியே வந்து தொலைந்த குடும்பத்தைத் தேடும் தமிழன் ஒருவனின் கதை சிங்கப்பூரில் இரண்டு முறை திரைக்கு வந்தது. ஒன்று ‘கபாலி’. ஜூலையில் அதற்கு டிக்கெட் வாங்க நாம் அடித்துப்பிடித்து ஓடினோம். மற்றொன்று கே. ராஜகோபால் இயக்கிய ‘எ யெல்லோ பேர்ட்’. அந்த ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் அது திரையிடப்பட்டபோது பெருமையாக வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டோம். இங்கே வெளியானபோது நம்மில் எத்தனை பேர் போனோம்?

கபாலி மலேசியாவின் தாதா. ‘எ யெல்லோ பேர்ட்’டின் சிவா நம் ஊர்க்காரன். கடத்தல் குற்றத்துக்குத் தண்டனை முடித்து வீடு திரும்புகிறான். அவன் அறையை அம்மா சீனாவிலிருந்து வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். அந்த அம்மாவாக நடித்திருப்பவர் சீமா பிஸ்வாஸ். திட்டினால்கூடத் தாங்கிவிடலாம். இவள் அவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவனுக்குக் கிடைக்கும் துணை சென் சென் என்ற சீனப் பெண். பிழைப்புக்காகக் காட்டு மறைவில் உடலை விற்பவள். அரைகுறை ஆங்கிலத்துக்குமேல் இருவருக்கும் பொதுமொழி இல்லை. அந்த நட்பில் காதல் பாட்டு இல்லை, மீட்சியும் இல்லை. கரையேற வழியில்லாத இருவர் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். சிவாவாக நடிக்கும் சிவகுமார் பாலகிருஷ்ணனின் முகத்தை விட்டு காமிரா நகர மறுப்பதால் நமக்கும் தப்பிக்க இடமில்லை.

குறையே இல்லாத படம் என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறது. ஆனால் நாம் சொன்ன சாக்கு அது இல்லையே! ‘குடும்பத்தோடு பார்க்க முடியாதாம்’ என்றோம். ‘நம்மவர்களை இப்படியா காட்டுவது’ என்றோம். படத்தைப் பார்க்காமலே சொன்னோம்.

இதே ராஜகோபால் 1995, 96, 97 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்காக நடுவர் சிறப்பு விருது வாங்கியவர். அவருடைய முதல் முழுநீளப் படம் வர அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் நம் சங்கங்கள் தமிழ்நாட்டிலிருந்து எத்தனை நட்சத்திரங்களை வரவழைத்துப் பொன்னாடை போர்த்தியிருக்கும்! 2008-இல் கான் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் ‘மை மேஜிக்’ தமிழ் பேசியது. அதை எடுத்தவர் எரிக் கூ என்ற சீனர். அதையும் நாம் செய்தியாகப் படித்ததோடு சரி.

காத்தோங்வாசிகளான நமக்கு இந்தப் பாராமுகத்தில் இன்னொரு பங்கும் உண்டு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நம் வட்டாரத்து ஜூ சியாட் சாலையில் மதுக்கூடங்களும் கரவோக்கே கூடங்களும் பெருகியிருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் சென் சென்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள். குடியிருப்பாளர்கள் புகார் கொடுத்தார்கள், மெல்ல மெல்ல தெரு மாறியது. இன்று அங்கே பெரனாக்கன் கடைவீடுகளின் முன்னால் சுற்றுப்பயணிகள் படம் எடுக்கிறார்கள். பிள்ளைகள் நடமாடும் தெரு, புகார் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்கவில்லை.

சிவாவைப் பற்றியும் கேட்பதில்லை. 2004-இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் சிறையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கச் சொல்கிறது. ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. உறவிலேயே ஒருவன் உள்ளே போய்விட்டால் ‘வெளிநாட்டில் வேலை’ என்று சொல்லிவிடுகிறோம். சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம், அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது அவன் பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம். திரையில் சீமா பிஸ்வாஸ் செய்வதும் இதுதான். பார்க்கப் போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல் தோறும் தமிழ்மொழி விழா நடத்தும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் மாலைகளில் ஒன்றை அடுத்த முறை இந்தப் படத்துக்குக் கொடுங்கள். படம் முடிந்ததும் ராஜகோபாலை மேடையேற்றிப் பேசவிடுங்கள். பொன்னாடை வேண்டாம், அரங்கில் ஆள் இருந்தால் போதும்.