குழலுக்கு ஏற்ற குண்டு... கழுகுக்கு ஏற்ற குண்டு! - பழைய துப்பாக்கிக்கு 'சைஸ்' தேடும் வேட்டைக்காரர்கள்

பொருளின் கதை - வாராந்தரத் தொடர்

செருப்புக் கடைக்குப் போகிறோம். 8-ம் நம்பர் கடிக்கிறது, 9-ம் நம்பர் கழன்று விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைக்காதா எனத் தேடுவோம் இல்லையா? அமெரிக்காவில் பழைய பாணித் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் இதே பிரச்னைதான். அவர்கள் சைஸ் பார்ப்பது காலுக்கு அல்ல, குழலுக்கு!

'மஸில்லோடர்' என்பது நம்மூரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வோமே, அந்த வகை. தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக முதலில் கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, நீளமான குச்சியால் அடிவரை தள்ள வேண்டும். பிறகுதான் விசையை இழுக்க முடியும். ஒரு குண்டு சுட்டால், அடுத்த குண்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம்.

'இந்தக் காலத்தில் யார் இதை வைத்து வேட்டையாடுகிறார்கள்?' என்று தோன்றலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதற்கெனத் தனி வேட்டைக் காலமே உண்டு. பென்சில்வேனியாவில் சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறக்கும் துப்பாக்கிகளுக்கு மட்டும், கிறிஸ்துமஸுக்குப் பிறகு தனி சீசன் நடக்கிறது. 1974-ல் தொடங்கிய வழக்கம் இது. தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பேரன் எடுத்துக்கொண்டு பனியில் நடக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு.

துப்பாக்கி கிடைத்துவிடும். அதற்குப் பொருந்தும் குண்டு? அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

துப்பாக்கியோடு வந்த அச்சு

18-ம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய கொல்லர்கள், நீண்ட குழல் கொண்ட வேட்டை ரைஃபிள்களைச் செய்தார்கள். குழலின் உள்சுவரில் திருகாணி மாதிரி சுழன்று போகும் பள்ளங்களை வெட்டினார்கள். குண்டு அந்தப் பள்ளங்களைப் பிடித்துச் சுழன்றபடி வெளியேறும். சுழலும் பம்பரம் நேராக நிற்பது போல, சுழலும் குண்டு நேராகப் போகும். குறி தப்பாது.

எல்லாமே கைவேலை. அதனால் ஒரு குழலைப் போல இன்னொரு குழல் இருக்காது. ஒரே கொல்லர் ஒரே மாதத்தில் செய்த இரண்டு துப்பாக்கிகளுக்குக்கூட அளவு வித்தியாசப்படும். எனவே, துப்பாக்கியை விற்கும்போதே, அந்தக் குழலுக்கு மட்டும் பொருந்தும் குண்டு அச்சு ஒன்றையும் செய்து கொடுத்துவிடுவார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பே போதும். காட்டில் உட்கார்ந்தபடியே உருக்கி, அச்சில் ஊற்றி, தன் துப்பாக்கிக்கான குண்டைத் தானே வார்த்துக்கொள்ளலாம்.

துப்பாக்கி அளவைச் சொல்லும் முறைகூட இந்த ஈயத்திலிருந்து வந்ததுதான். '12 போர்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாகச் செய்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ, அதுதான் 12 போர். 20 போர் என்றால் 20 உருண்டைகள். அதனால்தான் எண் கூடக் கூட, குழல் சின்னதாகிறது!

காலப்போக்கில் துப்பாக்கி பேரன் கைக்கு வந்தது. அச்சு எங்கேயோ தொலைந்துபோனது. இன்றைய தேடல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ரகசியம் துணியில்!

'குழல் அரை இன்ச் என்றால் குண்டும் அரை இன்ச் வாங்கினால் போச்சு' என நினைத்தால், அது தப்பு. சரியாக அதே அளவு குண்டைக் குழலுக்குள் தள்ளுவது பெரும்பாடு. ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளே கரி படியும் என்பதால், நாலாவது குண்டு பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால் குண்டைச் சற்றுச் சின்னதாக எடுத்து, எண்ணெயோ கொழுப்போ தடவிய துணியில் பொதிந்து தள்ளுவார்கள். 0.50 இன்ச் குழலுக்குப் பலரும் முதலில் முயல்வது 0.490 இன்ச் குண்டு. அதோடு 0.015 இன்ச் தடிமனில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. மெத்தை, தலையணை உறைக்குப் பயன்படும் கோடு போட்ட துணிதான் பிரபலம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்டு 0.490. இரண்டு பக்கத் துணி 0.030. மொத்தம் 0.520. குழலோ 0.500! பிறகு எப்படி உள்ளே போகிறது? துணி நசுங்கும், மிச்சம் பள்ளங்களுக்குள் புகுந்துகொள்ளும். அதாவது, குழலின் பள்ளங்களைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுவது ஈயம் அல்ல, துணி!

இந்த எண்களும் தொடக்கம்தான். தேய்ந்த பழைய குழலுக்கு இதே அளவு சரிப்படாது. முதலில் வெர்னியர் காலிப்பரால் குழல் வாயை அளக்கிறார்கள். பிறகு வெவ்வேறு தடிமன் துணிகளோடு சுட்டுப் பார்க்கிறார்கள். சுட்ட பிறகு குறிப்பலகைக்கு ஓடுவதற்கு முன், அனுபவசாலிகள் தரையில் துணியைத் தேடுவார்கள். குண்டோடு பறந்து சில அடி தூரத்தில் விழுந்து கிடக்கும் அந்தத் துணி ஒரு ரிப்போர்ட் கார்டு மாதிரி. வட்டமாக, கிழியாமல், நடுவில் மட்டும் கரி படிந்திருந்தால் பொருத்தம் சரி. பொசுங்கி ஓட்டை விழுந்திருந்தால், துணி மெலிது அல்லது குண்டு சின்னது. நெருப்பும் புகையும் பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. ஓரம் வெட்டுப்பட்டிருந்தால், குழல் வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது அல்லது பிடி இறுக்கம்.

பொருத்தம் தவறினால் குறி மட்டுமா தப்பும்? மிக இறுக்கமான குண்டு மருந்தைத் தொடாமல் பாதியில் நின்றுவிட்டால், நடுவில் இடைவெளி விழும். அந்த நிலையில் சுட்டால் குழல் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால்தான் குண்டு அடிவரை போனதைத் தெரிந்துகொள்ள, தள்ளும் குச்சியிலேயே கோடு போட்டு வைத்திருப்பார்கள்.

குண்டே விரிந்தால்?

வேட்டைக்காரனுக்கு நேரம் உண்டு. போர்வீரனுக்கு ஏது? பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக் குழல் சுமார் 0.75 இன்ச். அதில் போட்ட குண்டோ சுமார் 0.69 இன்ச். தொளதொளவென்று சட்டென உள்ளே விழும். சீக்கிரம் சுடலாம், ஆனால் 100 கஜத்தைத் தாண்டினால் குறி கடவுள் விட்ட வழி.

இதற்கு விடையாக, 1840-களின் கடைசியில் பிரெஞ்சு ராணுவ அதிகாரி க்ளோட்-எட்டியன் மினியே பெயரில் ஒரு குண்டு வந்தது. கூம்பு வடிவம், அடியில் குழிவு. குழலைவிடச் சின்னது என்பதால் எளிதாக உள்ளே போகும். மருந்து வெடித்ததும், அந்த அழுத்தத்தில் குண்டின் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். துணியே தேவையில்லை.

இந்த வகைக் குண்டைச் சுட்ட '1853 என்ஃபீல்டு' ரைஃபிள்தான் பிறகு இந்தியாவுக்கு வந்தது. குண்டு வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக அதன் காகித உறையில் கொழுப்பு தடவப்பட்டிருந்தது. அது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்று எழுந்த கொந்தளிப்பு, 1857 கிளர்ச்சிக்குத் தீ வைத்த காரணங்களில் ஒன்று. குழலில் குண்டு பொருந்த வேண்டுமே என்ற சின்னப் பிரச்னை, ஒரு நாட்டின் சரித்திரத்தையே தொட்டுவிட்டது!

வானத்திலிருந்து வந்த சிக்கல்

இனி இன்றைய கதை. கலிஃபோர்னியா காண்டோர். சிறகு விரித்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம் வரும் பிணந்தின்னிக் கழுகு. 1982-ல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். 1987-ல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, 27 பறவைகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1992 முதல் மறுபடியும் காட்டில் விட்டார்கள். இன்று எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது.

ஆனால், காட்டில் இவற்றை அதிகம் கொல்வது ஈய விஷம். வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் குடலையும், அடிபட்டுத் தப்பி எங்கேயோ செத்துக் கிடக்கும் விலங்கையும் கழுகு தின்கிறது. கூடவே ஈயத் துணுக்குகளும் வயிற்றுக்குள் போகின்றன.

2013-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. படிப்படியாக அமலாகி, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது. நாட்டுத் துப்பாக்கிக்கும் விலக்கு இல்லை. 'அதிவேக ரைஃபிள் குண்டுதான் தூள்தூளாகச் சிதறும். மெதுவாகப் போகும் எங்கள் உருண்டை அப்படிச் சிதறாதே' என்பது பழைய துப்பாக்கிக்காரர்களின் வாதம். சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை.

ஈயம் இல்லையென்றால் வேறென்ன? பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த குண்டு ஒரு வழி. ஆனால், எடை குறைவு. 0.490 இன்ச் ஈயக்குண்டு சுமார் 11.5 கிராம். அதே அளவில் சுத்த பிஸ்மத் என்றால் சுமார் 10 கிராம்தான். இன்னொரு வேடிக்கை, ஈயம் ஆறும்போது சுருங்கும். பிஸ்மத்தோ, தண்ணீர் ஐஸாகும்போது விரிவது போல, உறையும்போது விரியும். அதனால் தாத்தாவின் அச்சிலேயே வார்த்தாலும், குண்டு ஒரு மயிரிழை பெரிதாக வரலாம். ஈயம் போல நசுங்கியும் கொடுக்காது.

இங்கேதான் பழைய துணி கைகொடுக்கிறது. பள்ளத்தைப் பிடிப்பது துணி என்பதால், குண்டு கடினமாக இருந்தாலும் துணியின் தடிமனை மாற்றிச் சரிசெய்துவிடலாம். விரிந்தால்தான் வேலை செய்யும் மினியே வகைக் குண்டுக்கு அந்த வசதி இல்லை. மென்மையான ஈயம் இல்லாமல் அது விரியாது. புதிதாக வந்து போரையே மாற்றிய குண்டு தடுமாறுகிறது. அதற்கும் முந்தைய துணி சுற்றிய உருண்டை தப்பிக்கிறது!

பக்கத்து மாநிலமான அரிஸோனா வேறு வழியில் போனது. தடை போடவில்லை. காண்டோர் வாழும் பகுதியில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு 2005 முதல் ஈயமில்லாத தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. பெரும்பாலானவர்கள் ஒத்துழைத்தார்கள்.

வீட்டுக்குள்ளும் கவனம்

ஈயத்தின் ஆபத்து கழுகோடு நிற்பதில்லை. வேட்டைக்காரர் வீட்டுச் சமையலறையில் ஈயம் உருக்கினால், அந்தத் தூசும் புகையும் முதலில் பாதிப்பது குழந்தைகளைத்தான். குழந்தைகளின் ரத்தத்தில் 'இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பதுதான் மருத்துவ உலகின் நிலைப்பாடு.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தியாவில் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் கட்டாயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகவே, இது நமக்குத் தெரிந்துகொள்வதற்கான கதை மட்டுமே.

ஒரு காலத்தில் நல்ல குண்டுக்கு இலக்கணம், குழலுக்குப் பொருந்துவது. இன்று குண்டு போய்ச் சேரும் காட்டுக்கும் அது பொருந்த வேண்டியிருக்கிறது. பென்சில்வேனியக் கொல்லர் செய்து கொடுத்த அச்சில் அந்த அளவு இல்லை. அதை இன்றைய பேரன்கள்தான் துணியை மாற்றி மாற்றிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

(அடுத்த வாரம் இன்னொரு பொருள், இன்னொரு கதை!)