ஓருருவில் ஈருரு

சென்ற ஆண்டு எமது கல்லூரிச் சித்திரக் கண்காட்சியிலே மாணவன் ஒருவன் வைத்த படமொன்று பலருடைய நாவுக்கும் வேலை கொடுத்தது. பக்கவாட்டில் நோக்கும் முதியவள் ஒருத்தியின் முகம். அம்முகத்தின் எல்லைக்குள்ளே கன்னமும் நெற்றியும் இருக்கவேண்டிய இடத்திற் பனந்தோப்பொன்று நிற்கின்றது. கொண்டை முடியுமிடத்தில் ஓலைகளும் முடிகின்றன. கண் மட்டும் கண்ணாகவே உள்ளது. முகம் அவனுடைய அம்மம்மாவினது. தோப்பு அக்குடும்பத்தார் இடம்பெயர்ந்து பல்லாண்டின் பின் மீண்ட காணியினது. "கிழவியின் முகத்தைக் கெடுத்துவிட்டானே" என்றார் ஒரு பெரியவர். "கொம்பியூட்டர் செய்த வேலைக்குப் பரிசு எதற்கு?" என்றார் மற்றொருவர். பரிசு வழங்குக என்று வாதாடினோர் பக்கத்தில் யாமும் நின்றோமாதலின், இவற்றுக்கு விடை கூறுதல் எமது கடனாயிற்று.

பின்னையதை முன்னர்க் கொள்வோம். போட்டோசொப் என்னும் மென்பொருளை அமெரிக்கச் சகோதரர்களாகிய தோமஸ் நோல், யோன் நோல் என்போர் ஆக்க, அது 1990 இல் விற்பனைக்கு வந்தது. ஒரு படத்தின்மேல் மற்றொன்றைக் கண்ணாடித் தகடுபோல் அடுக்கிவைக்கும் வசதி 1994 இல் அதனோடு சேர்ந்தது. மேலடுக்கை ஒளி கூட்டும் முறையிற் கலந்தால், கீழுள்ள வெண்மை வெண்மையாகவே நிற்கும். கீழுள்ள இருளில் மட்டுமே மேற்படம் தோன்றும். ஆகவே அம்மாணவன் அம்மம்மாவை வெளிச்சமான சுவரின் முன், முகம் நிழலில் விழ இருத்திப் படம் பிடித்தான். தோப்பின் வானம் அம்முகத்தில் ஒளியாய் இறங்கிற்று. மரங்களோ முகத்தின் கருமையையே தம் கருமையாகக் கொண்டன. பின்னர் மறைப்பு ஒன்றை இட்டு, கண்ணிருந்த இடத்திலே கரிய தூரிகையால் மெல்லத் தடவித் தோப்பை நீக்கினான். எந்த மரம் நெற்றியில் நிற்கவேண்டும், கண்ணை ஏன் விடவேண்டும் என்பனவற்றைக் கணினி அவனுக்குச் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினான் என்று இகழ்வோர், அச்செழுத்துக் கோத்தவனே நூலையும் ஆக்கினான் என்பார் போல்வர்.

இக்கலையும் நேற்று முளைத்ததன்று. 1857 இல் இங்கிலாந்திலே ஒஸ்கார் றெயிலாந்தர் என்பார் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து வாழ்வின் இரு வழிகளைக் காட்டும் பெரும் படமொன்றை ஆக்கினார். மறு ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து எதிர்ப்படங்களால், மரணப் படுக்கையிற் கிடக்கும் இளம்பெண் ஒருத்தியின் படத்தைச் சமைத்தபோது அங்கும் முணுமுணுப்பு எழுந்தது. எம் நாட்டிலேயே, 1944 இல் மறைந்த லயனல் வென்ற் இருட்டறையில் நிழலையும் உருவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவித்துக் கனவுபோன்ற படங்களை ஆக்கினார். 2022 இல் மறைந்த அமெரிக்கராகிய ஜெரி யூல்ஸ்மன் பல உருப்பெருக்கிகளை வரிசையாக வைத்துத் தாளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தி இதே வித்தையைப் புரிந்தார். கணினி அவர்தம் இருட்டறையை மேசைமேல் வைத்தது, அவ்வளவே.

இனிக் கெடுத்தான் என்ற குற்றச்சாட்டு. தமிழ் கற்றார் இதனைக் கூறுதல் எமக்கு வியப்பாயிருக்கின்றது. இல்பொருளுவமை என்று வகுப்பிலே யாம் கற்பிக்கின்றோம். தண்டியலங்காரம் அபூதவுவமை என்னும். நெருப்பிலே பூத்த குவளை என்போமாயின், நெருப்பும் உண்டு, குவளையும் உண்டு; நெருப்பிற் பூத்த குவளை எங்கும் இல்லை. உள்ளன இரண்டைக் கூட்டி இல்லாத ஒன்றை ஆக்கி, அதனால் உள்ளதொன்றை விளக்குகின்றோம். மேனாட்டார் 1924 இல் பாரிசிலே அறிக்கை விடுத்துத் தொடக்கிய சர்றியலிச நெறி இதற்கு மிக அயலானதன்று. மாதொருபாகனை நாடோறும் வணங்குவோர், ஓருருவில் ஈருருவைக் கண்டு மருளுதலும் தகுமோ? காணியை இழந்திருந்த காலமெல்லாம் அம்மூதாட்டியின் நினைவில் நின்றது அத்தோப்பு. அதனை அவன் முகத்திலே காட்டினான். மேலும் அப்படம் எவரையும் ஏமாற்றவில்லை. ஒட்டியதை ஒட்டியதென்றே அது சொல்லுகின்றது.

ஒட்டு மறையும் இடத்திலேதான் எமது அச்சம் தொடங்குகின்றது. இம்மலருக்கெனப் பழைய ஆசிரியர் குழாத்தின் படமொன்று கிடைத்தது. அதில் யாவரும் மதிக்கும் ஓராசிரியர் இல்லை. வேறொரு படத்திலிருந்து அவரை எடுத்து, பின்வரிசையில் நிற்கவைத்து, நிழலும் பொருத்தி அன்பர் ஒருவர் கொணர்ந்தார். வேலைப்பாடு திறமானதே. ஆயினும் அன்று அவர் அங்கு நிற்கவில்லை; நோயுற்றிருந்தார். நோயுற்றிருந்தார் என்பதும் கல்லூரியின் வரலாறன்றோ? ஐம்பது ஆண்டின் பின் இம்மலரைப் புரட்டும் மாணவன் அவர் அன்று நின்றார் என்றே துணிவான். அவனுக்கு மறுமொழி கூற அப்போது எவரும் இரார்.

எனினும் இவ்விதியை எல்லாரிடத்தும் கண்டிப்பாய்ச் செலுத்த எமக்கு மனம் வரவில்லை. காணாமற்போன மகனுடைய அடையாள அட்டைப் படம் ஒன்றை மட்டும் வைத்திருந்த தாயொருத்தி, ஸ்ரூடியோவிலே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருப்பதை யாம் கண்டோம். அவன் ஒருநாளும் கோட்டு அணிந்தவனல்லன். அது பொய்யென்று அவளிடம் சொல்லத் துணிவார் யார்? யாம் கேட்டது ஒன்றே: "முதற்படம் எங்கே, அம்மா?" பெட்டகத்தைத் திறந்து, பொலித்தீன் தாளிற் சுற்றிய அச்சிறு படத்தை எடுத்துக் காட்டினாள். அவனைத் தேடி அலுவலகங்களுக்கு ஏறி இறங்கும்போது அதனையே கொண்டு செல்கின்றாள், சுவர்ப்படத்தை அன்று.

மலர்க்குழுவில் இரு கூட்டங்கள் இவ்வாதத்திற் கழிந்தன. முடிவில், ஒட்டு ஸ்ரூடியோக்கள் நிலவிய காலத்து நம் மூத்தோர் கைக்கொண்ட வழியையே கைக்கொண்டோம். குழாத்தின் படம் எடுத்தபடியே அச்சாகியுள்ளது. அவ்வாசிரியர் அதன் வலது மேல்மூலையில், தனியே ஒரு வட்டத்துள் இருக்கின்றார். கீழே 'சமுகமளிக்காதவர்' என்ற சொல்லும் உண்டு.