சிவப்பு மைக்கு யார் முத்திரை இடுவது?

கள்ளிக்குப்பத்தில் நாம் காய்கறி வாங்கும் கடையின் தராசு சட்டப்படி முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். குறித்த காலத்தில் மறுமுத்திரை இடத் தவறினால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வழக்குத் தொடரலாம். சற்றுத் தள்ளி அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் துண்டை அளக்கும் மைக்ரோமீட்டரையும் அவ்வப்போது சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கி வைக்கிறார்கள். கத்தரிக்காய்க்கும் இரும்புக்கும் வாய்த்த இந்தப் பாதுகாப்பு, மூன்றாண்டு படித்து மூன்று மணி நேரம் எழுதிய மாணவியின் விடைத்தாளுக்கு வாய்க்கவில்லை. அதை எடைபோடும் நம்மை எவரும் சோதித்ததில்லை. நாமும் நம்மைச் சோதித்துக்கொண்டதில்லை.

முதுகலைத் தமிழ் படித்தோம், தகுதித் தேர்வு எழுதினோம், விரிவுரையாளர் ஆனோம். கம்பனை நடத்தத் தகுதி உண்டா என்று நேர்முகத்தில் கேட்டார்கள். கம்பனைப் பற்றி ஒரு பிள்ளை எழுதிய விடைக்கு ஆறா எட்டா என்று தீர்மானிக்கத் தகுதி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆசிரியர் ஆனவர் எல்லாம் மதிப்பீட்டாளரும் ஆகிவிடுவர் என்பது இங்கே எழுதப்படாத விதி. புத்தொளிப் பயிற்சிகளுக்கும் போய் வந்தோம். நாம் சென்றவற்றில் விடைத்தாள் திருத்துவது பற்றி ஒரு மணி நேர வகுப்புகூட இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருத்தும் முகாமில், மதிய உணவு இடைவேளையின்போது, நண்பர்கள் ஐவர் ஒரே கட்டுரை விடையைத் தனித்தனியே படித்து, இருபதுக்கு எவ்வளவு தருவோம் என்று துண்டுச் சீட்டில் எழுதினோம். ஒருவர் ஏழு, இன்னொருவர் பதினைந்து. ஏழு போட்டவர், மேற்கோளே இல்லையே என்றார். பதினைந்து போட்டவர், பிள்ளை உரைநூலை ஒப்பிக்காமல் தானாகச் சிந்தித்திருக்கிறதே என்றார். இருவரும் நேர்மையானவர்கள்; நல்லாசிரியர்கள். சிரித்துவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்றும் உறுத்துகிறது.

இது நம் தமிழ்த்துறைக்கு மட்டும் வந்த நோயன்று. தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்பதை எட்ஜ்வொர்த் 1888இலேயே புள்ளியியல் கொண்டு ஆராய்ந்தார். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச்சும் எலியட்டும் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னபோது, நூற்றுக்கு 50 முதல் 97 வரை மதிப்பெண்கள் வந்தன. நூறாண்டுக்கு முன்பே தெரிந்த உண்மையைத் தெரியாததுபோல நடித்துக்கொண்டிருக்கிறோம்.

2018 ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக இலஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. 2019இல் தெலங்கானா இடைநிலைத் தேர்வில், தெலுங்குத் தாளில் 99 பெற்ற மாணவிக்குப் பூஜ்யம் என்று முடிவு வந்தது. பொறுப்பானவர்கள்மீது நடவடிக்கை எடுத்தார்கள். குற்றத்துக்குத் தண்டனை வேண்டியதே. ஆனால் களவும் கவனக்குறைவும் இல்லாத இடத்திலும் ஏழுக்கும் பதினைந்துக்கும் இடையே ஒரு பிள்ளையின் வாழ்வு ஊசலாடுகிறதே, அதற்கு எந்தத் துறை வழக்குப் பதியும்?

இங்கிலாந்தில் 2006இல் மதிப்பீட்டாளர்களுக்கென்றே ஒரு தொழில்முறைக் கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் அரச சாசனமும் பெற்றது. பயிற்சி பெற்று, தகுதியை நிறுவி உறுப்பினராகலாம். அங்குள்ள தேர்வு வாரியங்கள், கணினித் திரையில் திருத்துபவருக்கு வரும் தாள்களிடையே, வல்லுநர்கள் முன்பே மதிப்பெண் முடிவு செய்த தாள்களையும் கலந்துவைக்கின்றன. அவற்றில் பெரிதும் பிறழ்பவரை நிறுத்திவைக்கின்றன. அந்நாடு தவறே செய்யாத நாடு என்று சொல்லவில்லை. 2020இல் கணினிச் சூத்திரத்தால் மதிப்பெண் வழங்கி, மாணவர் கொதித்தெழுந்தபின் அதைத் திரும்பப் பெற்ற நாடுதான் அதுவும். மதிப்பிடுவதைத் தனித் தொழிலாக, கற்றுத் தேற வேண்டிய கலையாக ஒப்புக்கொண்டார்கள் என்பதே நாம் சுட்டுவது.

இன்னொரு அமைப்பா, இன்னொரு சந்தாவா, இன்னொரு அடையாள அட்டையா என்று நண்பர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. பணம் கட்டினால் சான்றிதழ் தரும் கருத்தரங்குகளைப் பார்த்துச் சலித்த நமக்கு அந்த ஐயம் நியாயமானதே. ஆகவேதான் சொல்கிறோம்: சந்தாவால் அன்று, மாதிரித் தாள்களைத் திருத்திக் காட்டி உறுப்பினராக வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், நாம் இட்ட மதிப்பெண்கள் மறுமதிப்பீட்டில் எவ்வளவு மாறின என்பது நமக்கே தெரிவிக்கப்பட வேண்டும். ஒரு தாளுக்கு எத்தனை ரூபாய் என்று நம் சங்கங்கள் கேட்கின்றன, கேட்கட்டும். ஒரு தாளுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்க அமைப்பு வேண்டாமா?

இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டபோது, மெய்யுரை எதுவென அறியக் காரணிகன் ஒருவனைத் தேடினார்கள் என்கிறது பழங்கதை. உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன், பேசாத ஐந்து வயதுப் பிள்ளை, நக்கீரர் உரைக்குக் கண்ணீர் வார்த்தான். கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். நாற்பத்தொன்பது பெரும்புலவர்கள், புலமை வேறு, மதிப்பிடும் தகுதி வேறு என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறோம். அவர்களுக்குத் தெய்வக் குழந்தை கிடைத்தது. நமக்குப் பயிற்சிதான் கதி. அடுத்த முகாமுக்குள் நம் துறை அளவிலாவது பத்துப் பேர் கூடி, ஒரே தாளைத் திருத்திப் பார்த்து, இம்முறை சிரிக்காமல் பேசத் தொடங்குவோமா?