இலவசம் என்பது அடிமை முறியன்று

தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்வோருக்காக வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும். மோரில் உப்புக் குறைந்ததென்று அங்கே எவரும் பந்தற்காரரோடு வழக்காடுவதில்லை. அதே மக்கள் கணினியின் முன் அமர்ந்ததும் வேறு மனிதராகிவிடுவது விந்தையே!

கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருக்கும். அதை எடுத்தாளலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். தமிழில் தட்டெழுதத் துணைபுரிந்த எ-கலப்பையும், பயர்பாக்ஸ் உலாவியின் தமிழாக்கமும் தன்னார்வலர் உழைப்பில் விளைந்தவை. விண்டோஸ் புதுப்பதிப்பு வருந்தோறும் பழைய நிரல் பழுதுபடக்கூடும். அதைச் செப்பனிடும் பராமரிப்பாளர்களுள் பலர் பிழைப்புக்கு வேறு தொழில் பார்ப்பவர்கள். அவர்களை வந்தடைவதோ, "இன்னும் ஏன் சரியாகவில்லை?" என்னும் அதட்டல்.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்கு இத்துறை புதிதன்று. முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. முரசு அஞ்சல் கட்டற்ற மென்பொருளன்று. ஆயினும் அதன் விலையில்லாப் பதிப்பு பலரைத் தமிழில் எழுத வைத்தது. விலையின்றிப் பெறும் பழக்கம் வந்த அளவுக்கு, பெற்றவர் கடமை குறித்த எண்ணம் வந்ததா?

டிஸ்கி குறியீட்டில் தட்டிய பழைய வினாத்தாள் யூனிகோடு எழுத்துருவில் வெறுங்கிறுக்கலாய்த் தோன்றும். பிரிக்பீல்ட்ஸில் பாடம் நடத்தும் ஆசிரியரொருவர், "எழுத்து வரவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எவர் என்ன செய்ய இயலும்? எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எந்த எழுத்து என்று மூன்று வரி கூடுதலாக எழுதினால் பாதி வேலை முடிந்தது. மாணவன் விடைத்தாளில் காரணம் கேட்கும் ஆசிரியர்க்கு இது தெரியாததன்று.

அதட்டலின் விளைவை உலகம் 2024இல் கண்டது. எக்ஸ்இசட் என்னும் சுருக்க நிரலைப் பல ஆண்டுகளாகப் பேணிவந்தவர் பின்லாந்தின் லாசே காலின். 2022இல், வேலை மெதுவாக நடக்கிறதென்று சிலர் அவரை இடித்துரைத்தனர். மனநலம் நலிந்த நிலையில், உதவ முன்வந்த ஒருவருக்கு அவர் இடங்கொடுத்தார். ஜியா டான் என்னும் புனைபெயரில் வந்த அந்த 'உதவியாளர்' நிரலுக்குள் கள்ளவழி வைத்தார். உள்நுழைவில் ஏற்பட்ட அரை நொடித் தாமதத்தை ஆண்ட்ரெஸ் பிராயண்ட் ஐயுற்று ஆராய்ந்ததால் சூழ்ச்சி வெளிப்பட்டது. இடித்துரைத்தவர்களும் சூழ்ச்சியின் பங்காளிகளே என்று பலர் ஐயுறுகின்றனர். வசைமொழி இயல்பாகிவிட்ட இடத்தில் பகைவனின் வசையைப் பிரித்தறிவது எங்ஙனம்?

பொறுப்பேற்றவர் செய்தாக வேண்டாமா என்று சிலர் வினவுவர். பெரும்பாலான உரிமங்கள் எவ்வித உத்தரவாதமுமில்லை என்றே கூறுகின்றன. அதைப் படிப்பவர்தாம் அரியர். எனினும் பராமரிப்பாளர் யாவரும் குற்றமற்றவரல்லர். சாவியை மடியில் முடிந்துகொண்டு, பிறர் அனுப்பும் திருத்தங்களை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவோரும் உளர். இயலாதபோது இயலவில்லையென்று அறிவித்து, தக்கவரைப் பழக்கி ஒப்படைப்பதே முறை. பழகுவதற்கு ஆள் வரவேண்டுமே!

நிரலெழுதத் தெரியாதென்பது தமிழாசிரியர்க்குச் சாக்காகாது. திரையில் தோன்றும் கலைச்சொற்களை மொழிபெயர்க்க இலக்கணமறிந்தவரே தேவை. சந்திப்பிழை மலிந்ததென்று முணுமுணுப்போர், அச்சொற்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பத்துச் சொல்லையேனும் திருத்தி அனுப்பினரா? அதற்குக் கிள்ளானில் ஆளில்லையா?