குற்றத்துக்கு இடமாற்றமா?

1982 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் பாஸ்டன் பேராயர் கர்தினால் உம்பெர்ட்டோ மெதைரோசுக்கு ஒரு பெண் கடிதம் எழுதினார். அவருடைய உறவுக்காரச் சிறுவர்கள் ஏழு பேரை ஜான் கேகன் என்ற பங்குக் குரு சீரழித்திருந்தார். 1980-இல் கேகனே அதை ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனாலும் கொஞ்ச நாள் விடுப்பில் அனுப்பிவிட்டு, மறு வருடமே வேறொரு பங்கில் அவரை அமர்த்தினார்கள். பிள்ளைகளின் நலனுக்காக வாய் திறக்க வேண்டாம் என்று அந்தக் குடும்பத்துக்கு அறிவுரையும் கிடைத்திருந்தது. இப்படிப்பட்டவர் எப்படி இன்னும் பணியில் இருக்கிறார் என்றுதான் அந்தப் பெண் கேட்டார்.

போன இடத்திலும் புகார் வந்தது. 1984-இல், அப்போது புதிதாகப் பொறுப்பேற்றிருந்த பேராயர் பெர்னார்ட் லா, கேகனை வெஸ்டன் நகரிலுள்ள புனித ஜூலியா பங்குக்கு மாற்றினார். துணை ஆயர் ஜான் டார்சி, அந்த டிசம்பரிலேயே இந்த நியமனம் சரியல்ல என்று லாவுக்கு எழுதி எச்சரித்தார். பயனில்லை. புதிய பங்கில் கேகனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்புகளில் பீடச்சிறுவர்களும் அடக்கம்! இடையில் சிகிச்சைக்குப் போய்வந்த காலம் தவிர, 1993 வரை அவர் அங்கேயே இருந்தார்.

இதெல்லாம் வெளியே வந்தது திருச்சபையின் மனமாற்றத்தால் அல்ல. 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் நீதிமன்றத்துக்குப் போனது. முத்திரையிட்டு வைத்திருந்த ஆவணங்களைத் திறக்கும்படி 2001 நவம்பரில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி உத்தரவிட்டார். 2002 ஜனவரி 6 அன்று அந்நாளிதழின் முதல் கட்டுரை வந்தபோது, கேகன்மீது குற்றம் சொன்னவர்கள் 130 பேருக்கு மேல். முப்பது ஆண்டுகள், ஆறு பங்குகள்.

அந்தக் காகிதங்களைப் பார்த்த பிறகு ஒரு சமாதானத்தை மட்டும் யாரும் சொல்ல முடியாது: 'தெரியாமல் நடந்துவிட்டது.' உறவுக்காரப் பெண்ணின் கடிதம், மருத்துவர் சான்று, மாற்றல் உத்தரவு, வாய்ப்பூட்டு நிபந்தனையோடு போட்ட இழப்பீட்டு ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து இருந்தது. கேகன் தொடர்பான சுமார் 50 வழக்குகளை மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதற்கு முன்பே ஓசையில்லாமல் முடித்திருந்தார்கள். குற்றம் செய்தவன் ஒரு தனிமனிதன். அதை மறைத்தது ஓர் அலுவலகம், அதன் அன்றாட வேலையாக.

அயர்லாந்தில் இது இன்னும் அப்பட்டம். டப்ளின் மறைமாவட்டத்தை விசாரித்த மர்ஃபி ஆணையம் 2009-இல் அறிக்கை தந்தது. ரகசியம் காப்பது, அவப்பெயரைத் தவிர்ப்பது, திருச்சபையின் மதிப்பைக் காப்பது, சொத்தைக் காப்பது - இவையே நிர்வாகத்தின் கவலைகளாக இருந்தன, குழந்தைகள் அல்ல என்றது ஆணையம். 1987-இல் அந்த மறைமாவட்டம் இத்தகைய வழக்குகளின் செலவை ஈடுகட்டக் காப்பீடு எடுத்தது. அதற்குள் குறைந்தது 17 குருக்கள்மீது வந்த புகார்கள் பேராயர்களின் பார்வைக்கு எட்டியிருந்தன. பணத்துக்குப் பாதுகாப்பு தேடத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகளைப் பாதுகாக்கத் தெரியாமல் போனதை மன்னிக்கவே முடியாது.

கத்தோலிக்கரை மட்டும் சொல்வது நியாயமாகாது. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபைத் தலைமையகத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ரகசியப் பட்டியல் இருந்தது 2022-இல் அம்பலமானது. பல ஆண்டுகள் சிறுவர்களை வதைத்த ஒருவர் விஷயத்தில் போதிய நடவடிக்கை எடுக்காததற்காக, இங்கிலாந்துத் திருச்சபையின் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகலை அறிவித்தார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஊட்டி மறைமாவட்டக் குரு ஒருவர் 2004-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் பணியாற்றப் போனார். அங்கே பதின்வயதுச் சிறுமியிடம் பாலியல் குற்றம் செய்ததாக வழக்கு வந்தபோது அவர் இந்தியாவில் இருந்தார். 2012-இல் கைதாகி, 2014-இல் நாடுகடத்தப்பட்டு, 2015-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக் காலம் முடிந்து திரும்பியவர்மீதான இடைநீக்கத்தை 2016-இல் மறைமாவட்டம் விலக்கிக்கொண்டது. ஒப்புக்கொண்ட குற்றத்துக்குப் பிறகும் அப்படியொரு முடிவு எடுக்க முடிந்தது என்றால், பாதிக்கப்பட்ட பெண்ணின் நினைப்பு அந்த மேசைக்கு வரவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

'யாரோ சிலர் செய்ததற்குச் சபையையே பழிக்கலாமா? எதிரிகளுக்கு இது அவல் ஆகாதா?' என்று பக்தியுள்ளவர்கள் கேட்கிறார்கள். சிறுபான்மையாக வாழும் சமூகத்தில் அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் பாஸ்டனில் சீரழிந்த பிள்ளைகள் வேற்றாரின் பிள்ளைகள் அல்லர். சாமியார் வீட்டுக்கு வந்தால் அதையே பாக்கியமாக எண்ணிய குடும்பங்களின் பிள்ளைகள். எச்சரித்த டார்சியும் ஓர் ஆயர்தான். சபையின் மானத்தைக் காக்க நினைத்தவர் அவர். லா காத்தது நாற்காலியை.

லா 2002 டிசம்பரில் பதவி விலகினார். 2004-இல் ரோமின் புனித மேரி மேஜர் பேராலயத்துக்குத் தலைமைக் குருவாக நியமனம் பெற்றார். மாசசூசெட்ஸ் அரசுத் தலைமை வழக்கறிஞரின் 2003 அறிக்கை, பாஸ்டன் மறைமாவட்டத்தில் புகார் தந்தவர்கள் குறைந்தது 789 பேர் என்று கணக்கிட்டது. ஆனால் மறைத்த மேலதிகாரிகள் ஒருவர்மீதும் குற்ற வழக்கு போட முடியவில்லை. குருக்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

இந்தியாவில் அந்த ஓட்டை இல்லை. 2012-இன் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விடும் நிறுவனத் தலைவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கோயில், மடம், மசூதி, மதரசா, தேவாலயம், ஆசிரமம் எல்லாவற்றுக்கும் இது பொது. பிள்ளை ஒன்று வந்து சொன்னால், பெரியவர்களிடம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். 1098-ஐ அழையுங்கள், அல்லது நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.