கரையானுக்கு மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி

1/ செவிலிமேடு பக்கம் வீட்டுலயே தறி வெச்சிருக்கறவங்க இந்த இழையைக் கடைசி வரைக்கும் படிங்க. கரையான் விஷயத்துல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. கரையானால யாரும் ஆஸ்பத்திரிக்கு வர்றதில்லை. அதுக்கு ஊத்துற மருந்தால வர்றாங்க.

2/ வழக்கமா நடக்கறது என்ன? நிலைவாசல்ல மண்கோடு தெரியும். உரக்கடையில குளோர்பைரிபாஸ் வாங்கி, வெறுங்கையால கலக்கி ஊத்துவோம். கோடு காஞ்சு உதிரும். மண்ணுக்குள்ள இருக்கற புற்றுக்கு ஒண்ணும் ஆகாது. சில மாசத்துல வேற இடத்துல கோடு வரும். மறுபடி ஊத்துவோம்.

3/ குளோர்பைரிபாஸ் ஓர் ஆர்கனோபாஸ்பேட். நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகும் பொருளை வேலை முடிந்ததும் உடைக்க ஒரு நொதி இருக்கு. அதை இது முடக்கிடும். எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சு திணறும். தோல் வழியாகவும் உள்ளே போகும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்தைப் பெரும்பாலும் கைவிட 2000-லேயே முடிவு செஞ்சாங்க.

4/ இப்போ குழித்தறியை நினைச்சுப் பாருங்க. தரைக்குக் கீழே குழி, அதுல காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிக்கட்டையை மிதிக்கற ஆளு. மருந்து ஊத்தின மண்ணுக்கு ஒரு சாண் தள்ளி அவர் வெறுங்கால். ஹால்ல அடிக்கறதும் தறிக்குழிக்குப் பக்கத்துல அடிக்கறதும் ஒண்ணு இல்லைங்க.

5/ அதனாலதான் சொல்றேன்: முதல்ல ஆய்வு, அப்புறம்தான் மருந்து. மரத்தை அரிக்கறதெல்லாம் ஒரே பூச்சி இல்லை. மண்கோடு இருந்தா மண்ணுக்குள்ள வாழும் கரையான். கோடே இல்லாம கடுகு மாதிரி உருண்டைகள் உதிர்ந்தா மரத்துக்குள்ளயே வாழும் கரையான். சின்னத் துளையிலிருந்து மாவு கொட்டினா வண்டு. முதலாவதுக்குத்தான் தரையில மருந்து. மத்த ரெண்டுக்கும் தரையில ஊத்தினா காசும் போச்சு, விஷமும் வீட்டுக்குள்ள வந்தாச்சு.

6/ தெரிஞ்ச ஆளு என்ன பார்ப்பார்? மரத்தைத் தட்டி, உள்ளே கூடா இருக்கான்னு கேப்பார். குளியலறைச் சுவரோட ஈரம், கசியும் குழாய், மழைக்கு அப்புறம் உதிர்ந்த ஈசல் இறக்கை, எல்லாம் பார்ப்பார். தறி வீட்டுல ஜக்கார்டு அட்டையையும் பார்க்கச் சொல்லுங்க. பட்டு புரதம், கரையானுக்கு அது சாப்பாடு இல்லை. அட்டையும் மரமும்தான் அதுக்கு விருந்து.

7/ கட்டி முடிச்ச வீட்டுக்குக் கரையான் மருந்து செலுத்த ஐஎஸ் 6313-னு இந்தியத் தர நிர்ணயமே இருக்கு. சுவரும் தரையும் சேரும் இடத்துல ஏறக்குறைய அடிக்கு ஒரு துளை, துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் கரைசல். சுற்றளவு 80 அடின்னா 80 லிட்டர் வரைக்கும் போகலாம். இவ்வளவு விஷம் உங்க தரைக்கடியில போகணுமான்னு முடிவெடுக்க, ஒரு மணி நேரம் பார்க்கக் கூடாதா?

8/ "இலவச ஆய்வு"ன்னு வர்றவங்க மருந்து விக்கத்தான் வர்றாங்க. "ஒண்ணுமில்லை, குழாயைச் சரி பண்ணுங்க போதும்"னு அவங்க சொல்றது கஷ்டம். முடிஞ்சா ஆய்வுக்குத் தனியா காசு கொடுங்க. பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பெற்ற உரிமம் இருக்கான்னு கேளுங்க. எந்தப் பூச்சி, எந்த இடம், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழிச்சு வீட்டுக்குள்ள வரலாம்னு எழுதி வாங்குங்க. கிணறு, போர், தறிக்குழி, கைக்குழந்தை, கர்ப்பிணி, வீசிங் இருக்கறவங்க, இதையெல்லாம் நீங்களே முன்கூட்டி சொல்லிடுங்க.

9/ "நெசவுக் கூலியில இதுக்கெல்லாம் ஏது காசு?" நியாயமான கேள்வி. ஒரே தெருவுல நாலு வீடு சேர்ந்து ஒரே நாள்ல ஆளை வரவழைங்க, செலவு குறையும். காசே செலவில்லாம இன்னைக்கே செய்யக்கூடியதும் இருக்கு: சுவரோரம் அடுக்கின விறகு, அட்டைப்பெட்டியை நகர்த்துங்க. கசிவை அடைங்க. பத்திரத்தைத் தகரப் பெட்டியில வைங்க.

10/ மருந்து மேல பட்டுட்டா துணியைக் கழற்றி, சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க. மூச்சு முட்டினாலோ எச்சில் வழிஞ்சாலோ 108-க்கு அடிங்க. மருந்து டப்பாவையும் கையோட கொண்டு வாங்க. அந்த லேபிளைப் பார்த்தா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சிடும்.